கேப் மே விக்டோரிய வீடுகள்: விடுதியைப் பார்த்து அல்ல, அறையைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்

நியூ ஜெர்சியின் கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் எக்ஸிட் எண்கள் மைல் கணக்கில் போகும். எடிசன், ஐஸ்லின் பக்கம் 130-ஐ ஒட்டி இருக்கும் எண், தெற்கே போகப் போகக் குறைந்து, சாலை முடிகிற இடத்தில் பூஜ்யமாகிவிடும். அங்கே இருக்கிறது கேப் மே. நெரிசல் இல்லாத நாளில் இரண்டரை மணி நேரப் பயணம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது நம்மவர்கள் பலர் ஒருநாள் கூட்டிப் போவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு விக்டோரிய பாணியில் கட்டிய வண்ண வண்ண மரவீடுகளைத் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, கடலில் கால் நனைத்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்த வீடுகள் சிலவற்றுக்குள் தங்க முடியும். காலை உணவோடு அறையை வாடகைக்கு விடும், பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் இன் என்று பலகை தொங்கும் வீடுகள் அவை. ஓரிரவாவது தங்கிப் பார்க்க வேண்டியவை. ஆனால் நெடுஞ்சாலை ஹோட்டலுக்குப் பதிவு செய்வதுபோல ‘இரண்டு பேர், ஒரு கட்டில், விலை குறைவானது’ என்று தட்டிவிட்டுப் போனால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

காரணம் இந்த ஊரின் கதையிலேயே இருக்கிறது. 1878 நவம்பரில் கேப் மேயில் மூண்ட தீ 30 ஏக்கருக்கு மேல் எரித்துத் தள்ளியது. பிரம்மாண்டமான மர ஹோட்டல்கள் சாம்பலாயின. அதன்பின் எழுந்த கட்டடங்கள் அளவில் அடக்கமானவை. பெரும்பாலும் பிலடெல்ஃபியா பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கக் கட்டிய வீடுகள். அதற்குள் கூட்டத்தை அட்லாண்டிக் சிட்டி இழுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அங்கே ரயில் 1854-லேயே வந்துவிட்டது, கேப் மேக்கு 1863-இல்தான். பணப்புழக்கம் குறைந்த ஊரில் பழையதை இடித்துப் புதியது கட்ட யாரும் முந்தவில்லை. வீடுகள் தப்பியது அப்படித்தான். 1962 மார்ச் புயல் ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு, பழைய கட்டடங்களை வைத்துக்கொள்வதா, இடிப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1879-இல் கட்டிய எம்லன் பிஸிக் மாளிகையை இடிபடாமல் காக்க 1970-இல் உள்ளூர்க்காரர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1976-இல் ஊரே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பெரிய மரவீட்டைப் பராமரிக்கும் செலவுக்கு அறைகளை வாடகைக்கு விடுவது நல்ல வழியாக அமைந்தது.

ஆக, நீங்கள் தங்கப்போவது ஒரு குடும்பமும் அதன் வேலையாட்களும் வாழக் கட்டிய வீட்டில். அதில் எந்த இரண்டு அறையும் ஒன்றுபோல இருக்காது. எஜமானியின் படுக்கையறை ஒரு கதவுக்குப் பின்னால். சமையற்காரப் பெண் தூங்கிய பரண் அறை இன்னொரு கதவுக்குப் பின்னால். இணையதளத்தில் இரண்டுக்கும் அழகான பெயர் இருக்கும், இரண்டு படத்திலும் பூப்போட்ட சுவர்த்தாள் இருக்கும். விலை வித்தியாசம் 50, 60 டாலர்தான் என்றால், கூடுதல் பணம் கொடுத்து இரண்டாம் தளத்து முன்னறையை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தளங்களைப் பற்றி முதலில். அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் தரைத்தளம். அங்கே வரவேற்பறையும் சாப்பாட்டு அறையும் இருக்கும், படுக்கையறை அபூர்வம். அடுத்த தளத்தில்தான் குடும்பத்தார் படுத்தார்கள். உயர்ந்த கூரை, தரைவரை இறங்கும் சன்னல்கள், சில வீடுகளில் வராண்டாவுக்குத் தனிக் கதவு. அதற்கும் மேலே கூரைச் சரிவுக்குக் கீழ் குழந்தைகளும் வேலையாட்களும். மேல்தளத்து அறையில் கட்டிலின் ஒரு பக்கம் எழுந்தால் தலை இடிக்கும். வெப்பம் மேலே ஏறுவதால் ஜூலையில் சன்னல் ஏசி இரவு முழுவதும் ஓடியாக வேண்டும். தனிமை பிடித்த இளம் தம்பதிக்கு அது பொருந்தலாம். முழங்கால் வலிக்கும் அம்மாவுக்குக் கனவிலும் வேண்டாம்.

படிக்கட்டுதான் பெரிய சிக்கல். இன்றைய அமெரிக்க வீட்டு விதிகளின் மாதிரிப்படி ஒரு படியின் உயரம் ஏழேமுக்கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது, கால் வைக்கும் இடம் 10 அங்குலமாவது வேண்டும். பழைய வீட்டின் பின்படிக்கட்டில் எட்டு, ஒன்பது அங்குல உயரமும் அதே அளவு மிதியுமாக இருக்கும். திருப்பத்தில் படிகள் விசிறிபோல ஒரு பக்கம் குறுகும். முன்படிக்கட்டு எவ்வளவோ பரவாயில்லை. லிஃப்டை எதிர்பார்க்காதீர்கள். உரிமையாளர் அங்கேயே குடியிருந்து, வாடகைக்கு விடும் அறைகள் ஐந்துக்கு மிகாமல் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டரசுச் சட்டத்தின் அணுகல் விதிகளிலிருந்தே அந்த வீட்டுக்கு விலக்கு உண்டு. எனவே தொலைபேசியில் கேட்கும்போது ‘படி இருக்கிறதா’ என்று கேட்காமல், ‘நடைபாதையிலிருந்து அறைக்கதவு வரை மொத்தம் எத்தனை படி, இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டா’ என்று கேளுங்கள். வராண்டாவுக்கு ஏறும் ஐந்தாறு படிகளைப் பலரும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள். பெட்டியையும் அப்படியே திட்டமிடுங்கள்: விமானத்துக்கு எடுத்துப்போகும் 23 கிலோ பெட்டி அந்தத் திருப்பத்தில் சுவரை உரசாமல் ஏறாது. ஆளுக்கொரு சின்னப் பையே போதும்.

அடுத்தது குளியலறை. இந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் ஒவ்வோர் அறைக்கும் குளியலறை கிடையாது. துணி அலமாரி இருந்த மூலையையோ பக்கத்துச் சிற்றறையையோ பின்னாளில் குளியலறையாக்கியிருப்பார்கள். பிரைவேட் பாத் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு மட்டுமானது என்றுதான் பொருள். அது அறைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதில்லை. நடைவழியைக் கடந்து எதிரே இருக்கலாம். ‘அறைக்குள்ளேயே இருக்கிறதா’ என்று தனியாகக் கேளுங்கள்.

படத்தில் மயக்குவது நகக்கால் வைத்த வார்ப்பிரும்புத் தொட்டி. படுத்துக் குளிக்க அது சுகம்தான். நின்று ஷவரில் குளிக்கத்தான் சிரமம். விளிம்பு ஏறத்தாழ இரண்டு அடி உயரம். காலைத் தூக்கி உள்ளே வைக்கும்போது பிடித்துக்கொள்ளச் சுவர் எட்டாது, ஏனென்றால் தொட்டி சுவரை விட்டுத் தள்ளி நிற்கும். அடிப்பாகம் வளைவு, எனாமல் வழவழப்பு. வயதானவர்களுக்கு அது ஆபத்து. நடந்து நுழையும் ஷவர் உள்ள அறையையே கேட்டு வாங்குங்கள். தொட்டியில் குளித்தே ஆகவேண்டுமென்றால் வெந்நீரைத் திறந்து ஓரிரு அங்குலம் நிற்க விட்டுப் பிறகு அளவைப் பாருங்கள். அந்த இரும்பு முதலில் ஊற்றும் நீரின் சூட்டை உறிஞ்சிவிடும். 

நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இங்கே பெரிய சேதத்தில் முடியும். அமெரிக்கக் குளியலறைத் தரையில் பொதுவாக வடிகால் கிடையாது. குவளையால் மொண்டு ஊற்றிக் குளித்தாலும், ஷவர் திரையின் ஓரம் தொட்டிக்கு வெளியே தொங்கினாலும், தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கிக் கீழ் அறையின் சுண்ணப்பூச்சுக் கூரையில் கறையாக வெளிப்படும். நனைந்து ஊறிய பூச்சு மரப்பட்டிகளை விட்டுக் கழன்று துண்டாக விழவும் செய்யும். திரை முழுவதும் தொட்டிக்கு உள்ளே இருக்கட்டும். நகக்கால் தொட்டிக்குத் திரை சுற்றிவர இருக்கும், இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறவேண்டும். கழிப்பறைக்குக் கைத்தெளிப்பான் இருக்காது. குவளை கொண்டுபோவதில் தவறில்லை, கீழே சிந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குளிக்கும் நேரத்தையும் யோசியுங்கள். ஒன்பது மணிக்குக் காலை உணவு என்றால் எட்டு மணிக்கு வீடு முழுவதும் குழாயைத் திறக்கும். நீர் அழுத்தம் விழும், வெந்நீர் தீரும். ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது இரவே குளித்துவிடுங்கள். கடலுக்குப் போய்வந்த மணலோடு உள்ளே ஏறாதீர்கள். பல வீடுகளின் பின்புறம் வெளிக்குளியலறை ஒன்று இருக்கும், அதற்காகவே கட்டியது.

இரவில் சத்தம் கேட்கும். அதைக் குறையென்று எடுத்துக்கொள்ளாமல், எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தப்பிக்க வழியுண்டு. அந்தக் காலத்து மரவீடுகளில் பலவற்றில் சுவர்க்கட்டைகள் அடித்தளத்திலிருந்து கூரைவரை ஒரே நீளமாக ஓடும். நடுவே அடைப்பு இல்லாததால் சுவருக்குள் இருக்கும் வெற்றிடம் கீழிருந்து மேல்வரை திறந்தே இருக்கும். சத்தமும் அதன் வழியே ஏறும்; தீ பிடித்தால் தீயும் அதன் வழியே ஏறும். சாப்பாட்டு அறைக்கு நேர்மேலே உள்ள அறையில் காலை ஆறரைக்கே பாத்திரச் சத்தம் கேட்டுவிடும். படிக்கட்டு முகப்பை ஒட்டிய அறையில் ஒவ்வொருவர் காலடியும் கேட்கும். கதவுக்குமேல் கண்ணாடி வைத்த சிறு திறப்பு இருந்தால் நடைவழி விளக்கு இரவு முழுவதும் கட்டிலில் விழும். லேசான தூக்கம் உள்ளவர்கள் மூலையறை, படிக்கட்டிலிருந்து தள்ளியது, தலைக்குமேல் யாரும் நடக்காதது என்று கேட்டு வாங்கலாம்.

குளிர்காலத்தில் போனால் சுவரோரம் அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரைப் பார்ப்பீர்கள். ஒரே குழாய் மட்டும் வந்து சேர்கிறது, மறுபக்கம் வெள்ளிநிறச் சிறு வால்வு இருக்கிறது என்றால் அது நீராவி வகை. அந்த வால்வு ‘உஸ்’ என்று காற்றை விடுவது இயல்பு. சம்மட்டியால் அடிப்பதுபோல ‘டங் டங்’ என்று கேட்டால், யாரோ கீழே உள்ள திருகை அரைகுறையாகத் திறந்து வைத்திருக்க வாய்ப்புண்டு. ஏறும் நீராவியும் குளிர்ந்து இறங்கும் தண்ணீரும் அந்த ஒரே குழாயில்தான் போய்வர வேண்டும். வழி பாதி அடைபட்டால் தண்ணீர் தேங்கும், பின்னால் வரும் நீராவி அதைத் தூக்கி அடிக்கும். முழுதாகத் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும். அறை சூடாகிவிட்டதென்று பாதி திருகாதீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அவரே வந்து சரிசெய்வார்.

சன்னலும் கவனத்துக்குரியது. மேலும் கீழுமாக நகரும் இரண்டு சட்டங்கள், சட்டத்தைத் தாங்கச் சுவருக்குள் கயிற்றில் தொங்கும் இரும்பு எடை. கயிறு அறுந்த சன்னலைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால் கத்திபோல இறங்கும். முதலில் இரண்டு அங்குலம் தூக்கி, நிற்கிறதா என்று பாருங்கள். நல்ல நிலையில் உள்ள சன்னலில் மேல்சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச்சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சூடான காற்று மேல்வழியே போய்க் கடற்காற்று கீழ்வழியே நுழையும். செப்டம்பரில் ஏசியே தேவைப்படாது. கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று: அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978-இல். அதற்கு முந்திய வீட்டின் சன்னல் விளிம்பில் உரிந்த பெயின்டைக் குழந்தை வாயில் வைக்கவிடக் கூடாது. ஆனால் பெரும்பாலான விடுதிகளில் சிறு குழந்தைகளை அனுமதிப்பதே இல்லை. வயது வரம்பு வீட்டுக்கு வீடு மாறும். அறைக்கு இரண்டே பேர் என்ற விதியும் பொதுவானது. நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு அறை.

கட்டிலைப் பற்றியும் ஒரு சொல். பழங்காலச் சட்டமென்றால் அகலம் 54 அங்குலமாக இருக்கலாம்; குயின் என்றால் 60. உயரமும் அதிகம், ஏறப் பக்கத்தில் குட்டிப்படி போட்டிருப்பார்கள். இரவில் எழுந்திருக்கும் பெரியவர்களுக்கு அது இடறும்.

இனி சாப்பாடு. காலை உணவு வாடகையில் சேர்த்தி. இதற்காகவே இந்த விடுதிகளுக்கு வருகிறவர்கள் உண்டு. ஒருநாள் இனிப்பு, மறுநாள் காரம் என்று மாற்றி மாற்றிச் செய்வது பல வீடுகளின் வழக்கம். பழம், ஸ்கோன், பிறகு ஃப்ரெஞ்ச் டோஸ்ட் அல்லது ஸ்ட்ராட்டா. இந்த ஸ்ட்ராட்டாவைத் தெரிந்துகொண்டால் ‘ஏன் முன்கூட்டியே சொல்லவேண்டும்’ என்பது விளங்கும். பழைய ரொட்டித் துண்டுகளை அடுக்கி, சீஸ் தூவி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, ஃப்ரிட்ஜில் இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் ஓவனில் வேகவைப்பார்கள். ரொட்டி முழுவதும் முட்டைப்பால் ஏறியிருக்கும். காலையில் மேசையில் உட்கார்ந்துகொண்டு ‘நாங்கள் முட்டை சாப்பிடமாட்டோம்’ என்று சொன்னால் அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது; டோஸ்ட்டும் பழமும்தான் கிடைக்கும். பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், போகும் முன் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

சொல்லும் விதமும் முக்கியம். வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் முட்டை சாப்பிடுவீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். வீகன் என்றால் பால், தயிர், வெண்ணெயையும் நிறுத்திவிடுவார்கள். ‘இறைச்சி, மீன், முட்டை கூடாது, பால், தயிர், வெண்ணெய், சீஸ் பரவாயில்லை, கேக்கிலும் பேன்கேக்கிலும்கூட முட்டை வேண்டாம்’ என்று எழுதி அனுப்புவதே சரி. வறுத்த உருளைக்கிழங்கு எந்தக் கொழுப்பில் வறுத்தது என்று கேளுங்கள், பேக்கன் வறுத்த சட்டியிலேயே புரட்டுவதுண்டு. ஓட்ஸ் கஞ்சி, தக்காளியும் காளானும் வதக்கியது, பழம், தயிர், டோஸ்ட் என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகச் செய்து தருவார்கள். சமையலில் பெருமைப்படுகிறவர்கள் அவர்கள். முன்னறிவிப்பு மட்டும் வேண்டும். குறித்த நேரத்தில் பந்தி. பெரிய மேசையில் தெரியாதவர்களோடு உட்கார நேரிடும், பேச்சுக் கொடுப்பார்கள். மாலை நான்கு, ஐந்து மணிக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வைப்பார்கள். வராண்டா ஆடுநாற்காலியில் உட்கார்ந்து குடிப்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

அறையில் சமைக்கக் கூடாது. ரைஸ் குக்கர், மின்னடுப்பு, ஊதுபத்தி, கற்பூரம், அகல்விளக்கு எதுவும் கூடாது. தீயில் ஒருமுறை அழிந்த மர ஊர் இது, அந்த அச்சம் நியாயமானது. புகையறியும் கருவி ஊதுபத்திக்கே கத்தும்; காலையில் சாமி கும்பிடும் அம்மாவுக்கு இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது. மின்சாரத்திலும் கணக்கு உண்டு. 15 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு தாங்குவது 1,800 வாட். 1,500 வாட் கெட்டிலும் முடி உலர்த்தியும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழும், அந்த இணைப்பில் பக்கத்து அறையும் இருந்தால் அவர்களுக்கும் இருட்டு.

மேசையின் பளிங்குப் பலகையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அமிலம் மேற்பரப்பை அரித்து மங்கலான தடம் விழும், அது துடைத்துப் போகாது. ஈரக் குவளை வால்நட் மரத்தில் வெள்ளை வட்டம் போடும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைச் சாய்ப்பதற்கு முன் உங்கள் பழைய துண்டு ஒன்றைத் தலையணைமேல் விரித்துக்கொள்ளுங்கள். மஞ்சள், குங்குமம், மருதாணிக்கும் அதே துண்டு.

பணம். விளம்பர விலைமேல் மாநில விற்பனை வரி 6.625 சதவீதம், அறை வரி 5 சதவீதம், ஊராட்சி வரி அதிகபட்சம் 3 சதவீதம். இரவுக்கு 250 டாலர் என்று இரண்டு இரவுக்கு 500 என வைத்தால், வரி மட்டும் 73 டாலர் வரை வரும். வார இறுதியில் இரண்டு இரவும் நீண்ட விடுமுறையில் மூன்று இரவும் கட்டாயமாக்குவது சகஜம். ரத்து செய்ய ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பே சொல்லவேண்டியிருக்கும். ஆறு அறை உள்ள வீட்டில் ஓர் அறை காலியானாலே நட்டம், எனவே மழை என்று சொல்லிப் பணம் திரும்பக் கேட்க முடியாது. பதிவுத் தளங்களைவிட நேரே தொலைபேசியில் பேசுவதே மேல். மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் விலை உச்சம். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வார நாளில் போங்கள்: கடல் இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்காது, தெற்கே வலசை போகும் பறவைகளும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளும் இந்த முனையில் கூடும். ஜனவரி, பிப்ரவரியில் சில வீடுகள் மூடியிருக்கும். கோடையில் கடற்கரைக்கு 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நுழைவு வில்லை (பீச் டேக்) வேண்டும். வீட்டுக்காரர் இரவல் தருவாரா என்று கேளுங்கள்.

இரவு அலுவலர் கிடையாது, தாமதமாக வருவதென்றால் முன்பே சொல்லிக் கதவைத் திறக்கும் ரகசிய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த மாலையே ஜாக்சன் தெருவிலும் கொலம்பியா அவென்யூவிலும் நடந்துவிடுங்கள். நீராவியால் ஓடிய, வளைவாக அறுக்கும் வாள்தான் வராண்டா விளிம்பின் மரச் சரிகை வேலையை மலிவாக்கியது. ஒரே அச்சைப் பலகை பலகையாக அறுத்துத் தள்ளினார்கள். ஒரு தூணின் வளைவை அடுத்த தூணின் வளைவோடு ஒப்பிட்டால் தெரியும். 1872-இல் சூதாட்ட மன்றமாகக் கட்டிய மெயின்ஸ்டே வீடு கொலம்பியா அவென்யூவில்தான் இருக்கிறது. பிஸிக் மாளிகை வாஷிங்டன் தெருவில் சற்றுத் தள்ளி. அதன் புகைபோக்கிகள் தலைகீழாக நிறுத்தியதுபோல மேலே போகப் போக அகலும். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ஃபர்னஸ் வடிவமைத்ததாகக் கருதப்படும் வீடு அது, உள்ளே சுற்றிக்காட்டுகிறார்கள்.

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை பதினொன்று. காரை அங்கேயே விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்வரலாமா, திரும்பி வந்து வெளிக்குளியலறையைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பல வீடுகளில் சரி என்பார்கள். டெலவேர், மேரிலாந்து பக்கம் போகிறவர்கள் வடக்கே சுற்றிப் போகவேண்டாம். கேப் மே–லூயிஸ் படகு காரையும் ஏற்றிக்கொண்டு 17 மைல் வளைகுடாவை 85 நிமிடத்தில் கடக்கிறது. கோடை வார இறுதியில் காருக்கான இடத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.